பன்னிரண்டு பேர், வாரம் ஒரு பென்னி: ஜான் வெஸ்லியின் எழுப்புதல் கரையாமல் நின்றது எப்படி

1743 மார்ச் மாதம், இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் நகரில், இங்கிலாந்துத் திருச்சபைக் (ஆங்கிலிக்கன்) குருவும், மக்களின் பக்தியைத் தட்டியெழுப்பும் எழுப்புதல் இயக்கத்தின் பிரசங்கியாருமான ஜான் வெஸ்லி தம் சங்கத்தின் பெயர்ப் பட்டியலை எடுத்துவைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தார். முந்தைய டிசம்பர் கடைசிக்குப் பிறகு தாமாக விலகியவர்கள் 76 பேர். விலக்கப்பட்டவர்கள் 64 பேர். எண்ணிக்கையோடு விட்டிருந்தால் அது வெறும் கணக்கு. அவர் ஏன் என்றும் ஆள்வாரியாகக் கேட்டு நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

விலக்கப்பட்ட 64 பேரில் குடிவெறிக்காரர் 17 பேர். சாராயச் சில்லறை வியாபாரம் செய்தவர் 2, மனைவியை அடித்தவர் 1, சண்டை சச்சரவுக்காக 3, வாய்கூசாமல் பொய் சொல்லி வந்தவர் 3, பழிதூற்றியவர் 4, சோம்பேறித்தனத்துக்காக 1, சாபமிட்டுப் பேசியவர் 2, ஓய்வுநாளை மீறியவர் 2. மீதி 29 பேர் பெரிய பாவம் எதுவும் செய்யவில்லை. அக்கறையில்லாமல் விளையாட்டாக இருந்தார்கள், அவ்வளவுதான். தாமாக விலகியவர்கள் சொன்ன காரணங்கள் இன்னும் சுவையானவை. பெற்றோர் விடவில்லை என்று 12 பேர், ஊர் சிரிக்கிறது என்று 9 பேர், ஏழைகளுக்கான உதவித்தொகை போய்விடும் என்று 3 பேர், தொலைவு என்று 2 பேர். குறிப்பிட்ட ஒரு மனிதர் அந்தச் சங்கத்தில் இருப்பதாலேயே நாங்கள் வரமாட்டோம் என்றவர்கள் 2 பேர்! கடவுளுக்கு ஊழியம் செய்ய இன்னும் நாள் இருக்கிறது என்று ஒருவர்.

எழுப்புதல் பிரசங்கியார்களின் வரலாறு என்றாலே கூட்டத்தின் அளவையும் விழுந்து அழுதவர்களின் தொகையையும் சொல்வதுதான் வழக்கம். போனவர்களை எண்ணி, போன காரணத்தையும் எழுதிவைத்த பிரசங்கியார் அரிது. வெஸ்லியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் மேடையைவிட இந்தப் பேரேட்டிலிருந்து தொடங்குவது நல்லது. அவர் காலத்தில் அவரைவிடப் பெரிய பேச்சாளர் இருந்தார். நிலைத்தது வெஸ்லி கட்டியதுதான்.

கதையின் வேர் நம் தரங்கம்பாடியைத் தொடுகிறது. 1706 ஜூலையில் அங்கே வந்திறங்கிய மிஷனரிகள் சீகன்பால்கு, புளூட்சோ இருவரின் பணி பற்றிய அறிக்கை ஆங்கிலத்தில் அச்சாகி, லிங்கன்ஷயரின் எப்வொர்த் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வூர்க் குருவானவர் சாமுவேல் வெஸ்லி அப்போது லண்டனில் இருந்தார். மகள் எமிலி தகப்பனாரின் புத்தக அறையில் அதைக் கண்டெடுக்க, தாய் சூசன்னா வாசிக்கக் கேட்டு நெகிழ்ந்துபோனார். ஊழியம் செய்ய நான் ஆணில்லை, குருவுமில்லை. ஆனால் என் பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாமே என்று முடிவுசெய்தார். வாரத்தின் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளைக்கு என்று முறை வைத்து, தனியாக உட்கார்ந்து அந்தப் பிள்ளையின் ஆத்தும நிலையைப் பேசினார். எட்டு வயது ஜானுக்கு வியாழக்கிழமை. இருபது ஆண்டு கழித்து, ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்த ஜான், அந்த வியாழக்கிழமை மாலையில் கொஞ்சத்தை இப்போதும் எனக்காக ஒதுக்குங்கள் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினார்.

அதோடு நிற்கவில்லை. ஞாயிறு மாலை வீட்டு அடுப்பங்கரையில் குடும்பத்துக்கென்று சூசன்னா நடத்திய ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி, கூட்டம் 200 பேரானது. உதவிக் குரு லண்டனுக்குப் புகார்க் கடிதம் எழுதினார். நிறுத்திவிடு என்று கணவரிடமிருந்து பதில் வந்தபோது சூசன்னா எழுதியது வழக்கறிஞர் எழுதியதுபோல் இருந்தது: நிறுத்தச் சொல்லி விரும்புவதாக எழுதாதீர்கள், நேரடியாகக் கட்டளை இடுங்கள், இந்த ஆத்துமாக்களுக்கு நாளைக்கு நியாயத்தீர்ப்பில் நான் பதில் சொல்ல வேண்டியிராது. கட்டளை வரவில்லை. சிறு குழு, ஆளுக்கொரு நேரம், சபைக் கட்டடத்துக்கு வெளியே கூட்டம், குருப்பட்டம் இல்லாதவரின் வாய்ச்சொல். பிற்காலத்தில் மெதடிசம் (வெஸ்லியின் இயக்கம்) என்று பெயர் பெற்றவை எல்லாம் அந்த அடுப்பங்கரையில் இருந்தன.

ஜான் 1703 ஜூன் 17 அன்று பிறந்தவர். 1709-இல் வீடு தீப்பற்றியபோது மாடி ஜன்னல் வழியாக, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி அவரை இறக்கினார்கள். ஆக்ஸ்போர்டு படிப்பு, 1726-இல் லிங்கன் கல்லூரியில் ஆசிரியப் பதவி, தம்பி சார்லஸ் தொடங்கிய மாணவர் ஜெபக்குழுவுக்குத் தலைமை, அந்தக் குழுவின் ஒழுங்குமுறையைக் கேலி செய்து மற்றவர்கள் வைத்த ‘மெதடிஸ்ட்’ என்ற பட்டப்பெயர் ஆகியவை பலருக்கும் தெரிந்தவை. அமெரிக்காவின் ஜார்ஜியா குடியேற்றத்தில் அடைந்த தோல்விதான் முக்கியம். 1735 அக்டோபரில் கப்பலேறி, செவ்விந்தியரை மனந்திருப்பப் போகிறேன் என்று அமெரிக்கா சென்றார். நடந்தது வேறு. சவானாவில் சோஃபி ஹாப்கி என்ற பெண்மேல் மனம்போய், முடிவெடுக்கத் தயங்கித் தயங்கி நாளைக் கடத்தினார். அவள் வேறொருவரை மணந்துகொண்டாள். பிறகு ஒரு ஞாயிறு அவளுக்கு நற்கருணை தர மறுத்தார். விதிப்படி மறுத்தேன் என்பது அவர் வாதம். ஊர் வேறு மாதிரி நினைத்தது. பத்துக் குற்றச்சாட்டுகளோடு விசாரணை. 1737 டிசம்பரில் இருட்டோடு இருட்டாகப் படகேறி வெளியேறினார். ஒழுங்குவிதி கையில் இருந்தும் அதை யாரிடம், எந்த உறவில் நின்று பிரயோகிப்பது என்ற பக்குவம் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் அவருக்குக் கிடைத்திருக்காது.

ஜார்ஜியாவுக்குப் போகும் வழியில் புயலில் கப்பல் ஆடியபோது, பயணிகள் அலற, மொரேவியர் என்ற ஜெர்மானியக் கிறிஸ்தவக் குழுவின் குடும்பங்கள் மட்டும் சங்கீதம் பாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தது மனதில் தைத்திருந்தது. அந்த முள் லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் எடுபட்டது. 1738 மே 24, இரவு ஒன்பதுக்குக் கால்மணி முன்பு, ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முகவுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கையில் தம் இருதயம் விநோதமாய் அனல்கொண்டது என்று வெஸ்லி எழுதினார். பிரசங்கங்களில் இந்த ஒரு வரி மிதமிஞ்சிப் பயன்பட்டுவிட்டது. அந்த அனல் அவரைப் பேச வைத்தது உண்மை. எழுப்புதலை நாடெங்கும் பரப்பி நிலைநிறுத்தியது வேறு.

வெளியிலே பேசுவது

வெட்டவெளிப் பிரசங்கத்தைத் தொடங்கியவர் வெஸ்லி அல்ல, அவருடைய ஆக்ஸ்போர்டு நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்ட். 1739 பிப்ரவரியில் பிரிஸ்டலுக்கு அருகே கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளர்களிடம் முதலில் பேசியபோது 200 பேர் இருந்தார்கள். சில வாரங்களில் ஆயிரக்கணக்கானார்கள். விட்ஃபீல்டின் குரல் அபூர்வமானது. பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் குரல் எட்டும் தூரம்வரை பின்னோக்கி நடந்து, அந்த அரைவட்டத்தில் ஆளுக்கு இரண்டு சதுர அடி என்று கணக்குப் போட்டு, 30,000 பேருக்குமேல் கேட்க முடியும் என்று முடிவுக்கு வந்தார். அமெரிக்காவுக்குப் போகவேண்டி இருந்ததால் பிரிஸ்டலைப் பார்த்துக்கொள்ள விட்ஃபீல்ட் வெஸ்லியை அழைத்தார். கோயிலுக்கு வெளியே ஆத்தும இரட்சிப்பு நடப்பதே ஏறக்குறைய பாவம் என்று எண்ணி வளர்ந்தவர் வெஸ்லி. ஏப்ரல் 2, திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு, ஊரை ஒட்டிய செங்கற்சூளை மைதானத்தில், ஏறத்தாழ 3,000 பேருக்குப் பேசினார். இன்னும் கீழாக எண்ணப்படச் சம்மதித்தேன் என்று அன்று எழுதினார்.

குள்ளமான, ஒல்லியான மனிதர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இடம்தான் ஒலிபெருக்கி. பர்ஸ்டாலில் எதிர்க் குன்றின் சரிவில் சிலர் உட்கார்ந்து கேட்பதைக் கவனித்துவிட்டு, கூட்டம் முடிந்ததும் ஆள்விட்டு அளக்கச் சொன்னார்: 140 கஜம், அங்கேயும் தெளிவாகக் கேட்டிருந்தது. கார்ன்வாலில் குவெனாப் என்ற இடத்தில் நிலம் உள்வாங்கிக் கிண்ணம்போல் ஆன பள்ளத்தை 1762 முதல் தொடர்ந்து பயன்படுத்தினார். சொந்த ஊர் எப்வொர்த்தில் பிரசங்க பீடம் மறுக்கப்பட்டபோது, 1742 ஜூனில், கோயில் முற்றத்தில் தகப்பனாரின் கல்லறைக் கல்மேல் ஏறி நின்று பேசினார். அந்தக் கல் குடும்பத்துச் சொத்து. இறங்கு என்று யாரும் சொல்ல முடியாது.

கூச்சல் அவருக்குப் பிடிக்காது. தொண்டை கிழியக் கத்திய ஓர் இளம் ஊழியருக்கு 1775-இல் அவர் எழுதிய கடிதத்தின் சாரம் இது: உன் ஆத்துமா பத்திரமாக இருக்கவேண்டுமானால் இனிக் கத்தாதே, நானும் உரக்கப் பேசுகிறேன், ஆவேசமாகவும் பேசுகிறேன், ஆனால் கத்துவதில்லை. நம் ஊர்க் கன்வென்ஷன் பந்தல்களில் இதைச் சட்டம் போட்டு மாட்டலாம். ஊழியர்களுக்கு அவர் வகுத்த நடைமுறையில் சொன்ன நேரத்தில் தொடங்கு, எடுத்த வசனத்தைவிட்டு அலையாதே, ஆராதனையை ஒரு மணி நேர அளவில் முடி என்பவை இருந்தன. அதிகாலை ஐந்து மணிப் பிரசங்கம் பக்தி வேடிக்கை அல்ல. சுரங்கத்துக்கும் வயலுக்கும் தறிக்கும் போகிறவர்கள் வேலைக்குப் போகுமுன் கேட்கக்கூடிய நேரம் அதுதான்.

ஆட்கள் விழுவதும் அலறுவதும் 1739-இல் பிரிஸ்டலில் நிறைய நடந்தது. வெஸ்லி அதை வளர்க்கவுமில்லை, அடக்கவுமில்லை. பதிந்துகொண்டு, அவர்களை அடுத்தடுத்த வாரங்களில் விசாரித்தார். விழுந்தவர் எழுந்தபின் எப்படி வாழ்கிறார் என்பதே அவருடைய கேள்வி. நியூகாசில் பட்டியலில், எனக்கும் வலிப்பு வந்துவிடுமோ என்று பயந்து விலகிய பெண் ஒருத்தியும் இருக்கிறாள்.

கடன் அடைக்கப் போய்க் கிடைத்த வகுப்பு

1739 மே மாதம் பிரிஸ்டலில் ஒரு கூட்ட அறைக்கு அடிக்கல் நாட்டினார்கள். முதலில் வெஸ்லி பொறுப்பாளர் குழு ஒன்று வைத்தார்; பணம் கொடுப்பவர்கள் பிரசங்கிமாரையும் மாற்றுவார்கள் என்று விட்ஃபீல்ட் எச்சரிக்கவே, குழுவைக் கலைத்துக் கடன் முழுவதையும் தம் பெயரில் ஏற்றுக்கொண்டார். கடன் 150 பவுனைத் தாண்டியது. 1742 பிப்ரவரியில் இதை எப்படி அடைப்பது என்று பேச உட்கார்ந்தபோது, ஃபோய் என்ற கப்பல் தலைவர் எழுந்து, எல்லாரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும் என்றார். ஏழைகளால் முடியாதே என்றது ஒரு குரல். அப்படியானால் மிக ஏழைகளான பதினோரு பேரை என் கணக்கில் விடுங்கள். வாரம்தோறும் நானே வீட்டுக்குப் போகிறேன். அவர்கள் கொடுத்தால் சரி, கொடுக்க முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நான் கட்டுகிறேன் என்றார் ஃபோய். மற்றவர்களும் அப்படியே ஏற்றார்கள்.

கணக்கைப் பாருங்கள். அன்று ஒரு பவுனுக்கு 240 பென்னி. பன்னிரண்டு பேர், 52 வாரம்: 624 பென்னி, அதாவது இரண்டு பவுன் 12 ஷில்லிங். இப்படி 58 குழுக்கள் இருந்தால் 150 பவுன் ஒரே ஆண்டில் அடையும். கணக்கு நேராக இருந்தது. ஆனால் காசு வாங்கப் போனவர்கள் வேறொரு செய்தியோடு திரும்பினார்கள். ஒருவர் குடிக்கிறார், இன்னொரு வீட்டில் அடிதடி, ஒருவர் நோயில் கிடக்கிறார். ஆயிரம் பேர் கூடும் அறையில் பிரசங்கியாருக்குத் தெரியாத எல்லாம் பென்னி வாங்கப் போனவருக்குத் தெரிந்துவிட்டது. இதுதான், நான் இத்தனை நாளாய்த் தேடியது இதுதான் என்று வெஸ்லி பிடித்துக்கொண்டார்.

வீடு வீடாகப் போகும் முறையில் சீக்கிரமே சிக்கல் வந்தது. வேலைக்காரராக இருப்பவரை எஜமான் வீட்டில் போய்ப் பார்க்க முடியாது. பார்த்தாலும் தனியாகப் பேச முடியாது. ஒருவர்மேல் ஒருவர் சொல்லும் புகாரை நேருக்கு நேர் வைத்துத் தீர்க்க முடியாது. ஆகவே பன்னிரண்டு பேரும் ஓரிடத்தில் வாரம் ஒருமுறை கூடுவது என்று மாறியது. இந்தக் குழுவுக்குத்தான் வகுப்பு என்று பெயர். பாட்டு, ஜெபம், பிறகு தலைவர் முதலில் தம் வாரத்தைச் சொல்வார். ஒவ்வொருவரிடமும் உங்கள் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று கேட்பார். தலைவர் படித்தவராக இருக்கவேண்டியதில்லை. செருப்புத் தைப்பவர், நெசவாளி, வீட்டுவேலைக்காரி யாரும் ஆகலாம். பெண்கள் தலைவிகளாக இருந்தது அந்தக் காலத்துக்குப் புதுமை. வாரக் கடைசியில் தலைவர்கள் காசைக் கணக்காளர்களிடமும், நோயாளிகள் தவறியவர்கள் பற்றிய செய்தியைப் போதகரிடமும் கொடுக்க வேண்டும். நம் மகளிர் சுயஉதவிக் குழு நடக்கும் விதம் தெரிந்தவர்களுக்கு இது புதிராக இராது.

வகுப்புக்கு மேல் ஒரு வாயில் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெஸ்லியோ அவருடைய ஊழியரோ ஒவ்வொருவரையும் நேரில் விசாரித்து, வேதவசனம் அச்சிட்ட சிறு சீட்டில் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். சீட்டு இருந்தால்தான் சங்கக் கூட்டத்துக்கு அனுமதி. யாரையும் ஊர்கூட்டித் துரத்த வேண்டாம். சீட்டைப் புதுப்பிக்காவிட்டால் போதும், சத்தமில்லாமல் வெளியே. உள்ளே வர ஒரே நிபந்தனை, வரப்போகும் தேவகோபத்துக்குத் தப்பவேண்டும் என்ற ஆசை. நிலைத்திருக்க 1743 மே மாதம் வெளியிட்ட பொது விதிகள் மூன்று: தீமை செய்யாதே, நன்மை செய், ஜெபம், வேதவாசிப்பு, நற்கருணை போன்ற, தேவன் ஏற்படுத்திய கிருபையின் வழிகளைக் கைக்கொள். விசுவாசப் பிரமாணத்தைச் சோதிக்கவில்லை, நடத்தையைச் சோதித்தார் என்பதை மறக்கக்கூடாது. நுழைவு எளிது, தங்குவது கடினம். இன்றைய பல கூட்டங்களில் இரண்டும் எளிது. அல்லது நுழைவே கடினம்.

விட்ஃபீல்ட் 1770-இல் அமெரிக்காவில் இறந்தார். ஏழு தடவை அந்த நாட்டுக்குப் போனவர். எழுப்பிய கூட்டத்துக்கு அளவில்லை. வெஸ்லி எழுப்பப்பட்டவர்களை வகுப்பில் சேர்த்துப் பலனைக் காத்துக்கொண்டார், நான் அதை அசட்டை செய்தேன், என் ஜனங்கள் மணற்கயிறு ஆனார்கள் என்று அவரே சொன்னதாக மெதடிஸ்டுகள் வழிவழியாகச் சொல்வதுண்டு. யார் இரட்சிக்கப்படுவார் என்பதைத் தேவன் முன்பே தீர்மானித்துவிட்டார் என்னும் முன்குறித்தல் உபதேசத்தில் 1741-இல் இருவரும் பிரிந்திருந்தும், விட்ஃபீல்டின் நினைவுப் பிரசங்கத்தை லண்டனில் செய்தவர் வெஸ்லி.

ஊழியக்காரரும் காசும்

வகுப்பு பெருகியதும் ஆள் தேவைப்பட்டது. குருப்பட்டம் பெறாத தாமஸ் மேக்ஸ்ஃபீல்ட் லண்டனில் பிரசங்கிக்கத் தொடங்கிவிட்டார் என்று கேட்டு வெஸ்லி கோபத்தோடு ஓடிவந்தார். தாய் சூசன்னா தடுத்தார்: உன்னைப்போலவே அவனையும் தேவன் அழைத்திருக்கிறார், முதலில் அவன் பேசுவதைக் கேள். கேட்டார், விட்டுக்கொடுத்தார். 1744 ஜூனில் லண்டனில், பழைய பீரங்கி வார்ப்படச் சாலையைப் புதுப்பித்த கட்டடத்தில் முதல் மாநாடு பத்துப் பேரோடு நடந்தது. பிறகு ஊர்களைச் சேர்த்துச் சுற்றுகளாகப் பிரித்து, ஊழியர்களை ஓராண்டு இரண்டாண்டில் மாற்றிக்கொண்டே இருந்தார். ஒரே இடத்தில் ஓராண்டு முழுக்க நானே பிரசங்கித்தாலும் நானும் தூங்கிவிடுவேன், சபையும் தூங்கிவிடும் என்று காரணம் சொன்னார். வாசிப்பில் எனக்கு ருசியில்லை என்ற ஊழியருக்கு அவர் வைத்த பதில் சுருக்கமானது: வாசித்து வாசித்து ருசியை உண்டாக்கிக்கொள், இல்லையென்றால் பழைய தொழிலுக்குப் போ.

தாமோ கடிவாளத்தைத் தளர விட்டுக் குதிரைமேல் புத்தகம் படித்தபடி போவார். வாழ்நாள் பயணம் 2,50,000 மைல், பிரசங்கம் 40,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆண்டுக்கு 4,000 மைலுக்குமேல் போனதை நாட்குறிப்பே காட்டுகிறது. ஆக்ஸ்போர்டில் ஆண்டு வருமானம் 30 பவுனாக இருந்தபோது 28-இல் வாழ்ந்து 2 பவுன் கொடுத்தார். 60 ஆனபோதும் 28-தான், 32 கொடுத்தார். 90 ஆனபோது 62. புத்தக விற்பனையில் பெரும்பணம் வந்தபிறகும் கை நிற்கவில்லை. 1746-இல் சிறுகடன் நிதி ஒன்றைத் தொடங்கினார்: ஆளுக்கு 20 ஷில்லிங் வரை, மூன்று மாதத்தில் திருப்ப வேண்டும். ஏறக்குறைய 50 பவுன் முதலில் ஓராண்டில் சுமார் 250 பேர் பயன்பெற்றதாக எழுதினார். அதே ஆண்டு இலவச மருந்தும் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு கைமருத்துவ நூலொன்றை வெளியிட்டார். அந்த நூலின் சில வைத்தியங்களை இன்று யாரும் முயலாமல் இருப்பதே நல்லது.

இந்த அமைப்பும் பழுதடைந்தது. முக்கியமான பழுது வெஸ்லியின் தயக்கத்தால் வந்தது. விசுவாசி இந்த வாழ்விலேயே பரிபூரண பரிசுத்தம் அடையலாம் என்பது வெஸ்லியின் உபதேசம். 1762-இல் லண்டனில் அதை அடைந்தோம் என்று சொல்லிக்கொண்ட ஒரு கூட்டம், முன்னாள் படைவீரர் ஜார்ஜ் பெல் தலைமையில், நாங்கள் சாகமாட்டோம், நோயாளிகளைக் குணமாக்குவோம் என்று கிளம்பியது. நல்லவர்கள், கொஞ்சம் அளவு மீறுகிறார்கள் என்று வெஸ்லி மாதக்கணக்கில் பொறுத்தார். 1763 பிப்ரவரி 28-இல் உலகம் முடியும் என்றார் பெல். அன்று இரவு பலர் படுக்கப் பயந்தார்கள். சிலர் வயல்வெளியில் அலைந்தார்கள். வெஸ்லி அன்று மாலை அந்தக் கணிப்பின் அபத்தத்தை விளக்கிப் பிரசங்கித்துவிட்டு, வழக்கம்போலத் தூங்கினார். விடிந்தது. ஆனால் மேக்ஸ்ஃபீல்ட் ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு பிரிந்துவிட்டார். நியூகாசிலில் விளையாட்டுத்தனத்துக்கே 29 பேரை விலக்கியவர், தம் சொந்த உபதேசத்தைப் பிடித்துக்கொண்டு எல்லைமீறியவர்களிடம் கை நடுங்கினார்.

வீட்டு வாழ்க்கையிலும் அதே தயக்கம், அல்லது அதற்கு நேர்மாறான அவசரம். மணக்க நினைத்த கிரேஸ் மரே என்ற பெண்ணை 1749-இல் தம்பி சார்லஸே தலையிட்டு வேறோர் ஊழியருக்கு மணமுடித்துவைத்தார். இரண்டாண்டுக்குள், பனியில் வழுக்கிக் காலில் அடிபட்டுப் படுத்திருந்த வாரத்தில் பராமரித்த விதவை மேரி வசீலை அவசரமாக மணந்தார். மணமானதால் ஒரு பிரசங்கமும் ஒரு நாள் பயணமும் குறையக்கூடாது என்று கொள்கை வைத்திருந்தவருக்கு மண வாழ்க்கை எப்படி அமையும்? மேரி பிரிந்துபோனார். 1781-இல் அவர் இறந்து அடக்கம் ஆன பிறகே வெஸ்லிக்குச் செய்தி தெரிந்தது.

ஆங்கிலிக்கன் சபையைவிட்டுப் பிரியமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே பிரிவுக்கு வழி செய்ததும் அவர்தான். 1784-இல் மாநாட்டின் சட்ட உரிமையை நூறு ஊழியர்களின் பெயரில் பதிவுசெய்தார். அதே ஆண்டு, நற்கருணை கொடுக்க ஆளில்லாமல் தவித்த அமெரிக்காவுக்காகத் தாமே சிலருக்குக் கைவைத்து அபிஷேகம் செய்தார். பேராயர் செய்யவேண்டியதை வெறும் மூப்பரான (குருவான) அண்ணன் செய்ததை சார்லஸ் கடைசிவரை ஏற்கவில்லை. அப்படி அனுப்பப்பட்டவர்களில் முதன்மையானவர் தாமஸ் கோக்.

1791 பிப்ரவரி 23-இல் கடைசிப் பிரசங்கம். மறுநாள், அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்குத் தைரியம் சொல்லிக் கடிதம். மார்ச் 2-இல் காலமானார்; வயது 87. பெட்டியைச் சுமக்க ஆறு ஏழைகள் வேண்டும், ஆளுக்கு ஒரு பவுன் கொடுக்க வேண்டும், சவ ஊர்தியோ அலங்காரமோ வேண்டாம் என்று உயிலில் இருந்தது. கூட்டம் நெரியாதிருக்க விடியுமுன்னே அடக்கம் செய்தார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அன்று சீட்டுப் பெற்ற அங்கத்தினர் 72,000-க்கும் மேல்.

அந்தத் தாமஸ் கோக், 66 வயதில், சொந்தப் பணத்தையும் போட்டு ஊழியர்களைத் திரட்டிக்கொண்டு 1813 டிசம்பர் கடைசியில் இலங்கைக்குக் கப்பலேறினார். 1814 மே 3-இல் இந்தியப் பெருங்கடலில் கப்பலறையிலேயே இறந்து, உடல் கடலில் இறக்கப்பட்டது. மற்றவர்கள் ஜூன் 29-இல் காலி துறைமுகத்தை அடைந்தார்கள். ஜேம்ஸ் லிஞ்சும் தாமஸ் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கும், வில்லியம் ஆல்ட் மட்டக்களப்புக்கும் போனார்கள். லிஞ்ச் 1817-இல் சென்னைக்கு வந்தார். தென்னிந்தியத் திருச்சபையில் ஆண்டின் தொடக்கத்தில் நடக்கும் உடன்படிக்கை ஆராதனை, வெஸ்லி 1755-இல் லண்டனில் நடத்தியதன் வழிவந்தது.

யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும், மிஷனரி பீட்டர் பார்சிவலின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணையாகவும் இருந்த இளைஞர் ஒருவர், மிஷனரிகள் பேசும் முறை, அச்சிடும் முறை, பள்ளி நடத்தும் முறை மூன்றையும் உள்ளிருந்து பார்த்தார். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். தொடர்ந்து வெள்ளிதோறும் நடத்தினார். அவர்தான் ஆறுமுக நாவலர்.